மேஜை ஆணா, பெண்ணா?

2015 ஜூலை மாதம். பெல்ஜியத்தில் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிள் உலகப் போட்டி. எழுத்துக்களைக் கட்டத்தில் அடுக்கி வார்த்தை அமைப்போமே, அதே விளையாட்டுதான். பைனலில் காபோன் நாட்டுக்காரரைத் தோற்கடித்துப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனவர் நைஜல் ரிச்சர்ட்ஸ் என்கிற தாடிக்கார நியூஸிலாந்து ஆசாமி. மறுநாள் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் செய்தி. ஜெயித்ததற்காக இல்லை. மனிதருக்கு பிரெஞ்சு பேசவே வராது! ஸ்க்ராபிள் அகராதியை ஒன்பது வாரத்தில் உருப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்!

'அட, இதென்ன பெரிய அதிசயம்? நாங்க இதைப் பள்ளிக்கூடத்திலேயே செஞ்சவங்க ஸார்' என்று உங்களில் சிலர் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வது தெரிகிறது. உண்மைதான். மார்க் வருமே என்று பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்து, அந்தக் காலத்து 200க்கு 190 சொச்சம் வாங்கியவர்கள் நம்ம ஊரில் ஏராளம். அவர்களில் ஒருவரைப் பிடித்து, 'பிரெஞ்சில் ஒரு காபி கேளுங்க' என்று சொல்லிப் பாருங்கள். பேய்முழி முழிப்பார்!

அந்த ஆசாமிதான் இப்போது முப்பது வயதில், ஆபீஸ் முடிந்து, டிபன் பாக்ஸ் பையோடு மாலை வகுப்பில் மறுபடி 'போன்ஜூர்' சொல்லக் கிளம்பியிருக்கிறார். காரணம் இல்லாமல் இல்லை. கனடா அரசாங்கம் 2023-ல் தன் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்றே தனிச் சுற்றுக்களை ஆரம்பித்தது. சிலருக்கு கம்பெனியே பிரெஞ்சுக் கம்பெனி. சிலருக்கு பாரிஸில் மேல்படிப்பு. காரணம் எதுவானாலும், வகுப்பில் முதல் நாள் எல்லோருக்கும் வருகிற வியாதி ஒன்றுதான்.

வெட்கம்!

நாலு வயசுக் குழந்தை தப்பாகப் பேசினால் ஊரே கொஞ்சும். நாற்பது வயசு அசிஸ்டென்ட் மானேஜர் தப்பாகப் பேசினால்? பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துவிடுவாரோ என்று வாயையே திறப்பதில்லை. நோட்டுப் புத்தகத்தில் மட்டும் அழகழகாக எழுதிக்கொள்கிறார். மூணு மாசம் கழித்து நோட்டுக்கு பிரெஞ்சு தெரியும், அவருக்குத் தெரியாது.

இந்த வெட்கத்தை ஓட்டுவதற்குத்தான் விளையாட்டு.

கணக்குப் போடுங்க ஸார்

வகுப்பில் இருபது பேர். வாத்தியார் பத்து நிமிஷம் ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்கிறார். தலைக்கு எத்தனை நேரம்? முப்பது விநாடி! அதிலும் பாதி, 'அது... வந்து...' என்று விட்டத்தைப் பார்ப்பதில் போய்விடும். அதே பத்து நிமிஷம் இரண்டிரண்டு பேராக ஒரு விளையாட்டு கொடுத்தால், ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷம் பேசலாம். பத்து மடங்கு! வாத்தியார் சம்பளமும் ஏறவில்லை, கரண்ட் பில்லும் ஏறவில்லை.

இது வெறும் கும்மாளம் இல்லை. 1960களிலேயே ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், 'ஆரம்பத்தில் பேசச் சொல்லாதே. கட்டளை கொடு, உடம்பால் செய்யவிடு' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். குழந்தை அப்படித்தானே கற்கிறது? 'பந்தை எடுத்துட்டு வா' என்றால் எடுத்து வருகிறது. 'பந்து' என்று சொல்வது பிறகுதான். பிரான்ஸில் 1978-ல் ஜான்-மார்க் காரே, பிரான்சிஸ் தெபிஸேர் என்ற இரண்டு பேர் விளையாட்டு, மொழி, படைப்பாற்றல் மூன்றையும் சேர்த்து பிரெஞ்சு வாத்தியார்களுக்கென்று ஒரு புத்தகமே போட்டார்கள். இன்றைக்கும் அந்தத் துறையில் அது முன்னோடி.

சரி, என்னதான் விளையாடுவது? செலவில்லாத சரக்காகவே பார்ப்போம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, ஸ்கெட்ச் பேனா, கொஞ்சம் புளியங்கொட்டை. போதும்.

முதல் நாள்: உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்!

ஐந்து நிமிஷம் டைம். ஏற்கெனவே தெரிந்த பிரெஞ்சு வார்த்தைகளை எழுத வேண்டும். 'ஐயோ, ஒண்ணுமே தெரியாதே' என்பார்கள். ரெஸ்டாரன்ட், மெனு, கராஜ், பொக்கே, ரூட்... எல்லாம் பிரெஞ்சுதான். கல்யாணப் பத்திரிகையில் இங்கிலீஷ் பக்கத்தின் ஓரத்தில் ஆர்.எஸ்.வி.பி. என்று போடுகிறோமே, அது 'தயவுசெய்து பதில் சொல்லுங்கள்' என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம். நம் வீட்டு பீரோவின் பூர்வீகமும் பிரெஞ்சு. ஆனால் அங்கே அதற்கு எழுதுமேஜை, ஆபீஸ் என்று அர்த்தம். பட்டியல் நீள நீள எல்லோர் முகத்திலும் ஒரு தெம்பு வரும். முதல் நாளுக்கு இலக்கணத்தைவிட அதுதான் முக்கியம்.

ஜாக் சொன்னாத்தான்!

வாத்தியார் 'ஜாக் அ தி' (ஜாக் சொன்னான்) என்று ஆரம்பித்து, 'எழுந்திருங்க', 'உட்காருங்க', 'மூக்கைத் தொடுங்க' என்று பிரெஞ்சில் சொல்வார். ஜாக் பெயரைச் சொன்னால் மட்டும் செய்ய வேண்டும். சொல்லாமல் 'உட்காருங்க' என்றால் உட்காரக்கூடாது. பிரெஞ்சுக் குழந்தைகள் விளையாடுவது இதுதான். ஆஷர் சொன்ன கட்டளை முறையும் இதுதான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்த ஆபீஸ்காரர்களுக்கு முட்டியும் கொஞ்சம் அசையும்.

ஒரே ஒரு திருத்தம். தப்பு செய்தவரை 'அவுட்' என்று ஓரம்கட்டக்கூடாது. முதலில் அவுட் ஆகிறவர் யார்? மொழி சரியாக வராதவர். அவரையே பத்து நிமிஷம் வேடிக்கை பார்க்க வைத்தால் எப்படி வரும்? தப்பு செய்தவர் அடுத்த கட்டளையை பிரெஞ்சில் கொடுக்கட்டும். தண்டனையே பாடமாகிவிடும்.

மீசை பெண்பால்!

பிரெஞ்சில் மேஜை, நாற்காலி, பேனா எல்லாவற்றுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. தமிழனுக்கு இது பெரிய தலைவலி. நமக்கு உயிரில்லாதது எல்லாம் அஃறிணை, 'அது' என்று முடித்துவிடுவோம். அங்கே மேஜை பெண், பேனா ஆண். ஆணுக்கு முன்னால் 'லு', பெண்ணுக்கு முன்னால் 'லா'. இதில் லாஜிக் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும். மீசை பெண்பால்! தாடியும் பெண்பால்! லிப்ஸ்டிக் ஆண்பால்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

லாஜிக் இல்லாததைக் காலால் படிக்கலாம். இடப்பக்கச் சுவரில் 'லு', வலப்பக்கச் சுவரில் 'லா' என்று ஒட்டிவிடுங்கள். வாத்தியார் ஒரு பொருளின் படத்தைக் காட்டியதும் சரியான சுவருக்கு ஓட வேண்டும். சும்மா ஓடினால் போதாது. 'லா தாப்ள்' (மேஜை) என்று முழுசாகச் சொல்லிக்கொண்டே ஓட வேண்டும். வலப்பக்கம் ஓடியபோது சொன்ன வார்த்தை பிறகு ஞாபகத்துக்கு வரும்போது, 'லா'வும் ஒட்டிக்கொண்டே வரும். இடம் போதாதென்றால் இரண்டு கலர் சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லலாம்.

நாலு இருபது பத்து ஏழு

அடுத்த வில்லன், எண்கள். 70-க்கு பிரெஞ்சில் 'அறுபது-பத்து'. 80-க்கு 'நாலு-இருபது'. 97 என்றால் 'நாலு-இருபது-பத்து-ஏழு'! பக்கத்து பெல்ஜியத்திலும் ஸ்விட்சர்லாந்திலும் 70-க்கும் 90-க்கும் 'ஸெப்தான்த்', 'நோனான்த்' என்று நேரான வார்த்தை வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ் மட்டும் இன்னும் கூட்டல் பெருக்கல் போட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்கு லோத்தோ. நம்ம ஊர் ஹவுஸி, தம்போலாதான். ஆனால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்காமல் 60-லிருந்து 99 வரை மட்டும் வைத்து அட்டை போடுங்கள். கஷ்டமான இடத்தில்தானே பயிற்சி வேண்டும்? எண்ணைக் கூப்பிடுகிற வேலையை வாத்தியாரே வைத்துக்கொள்ளாமல் ஆளுக்கு ஐந்து எண்ணாகப் பிரித்துக் கொடுக்கட்டும். புளியங்கொட்டைக்கு வேலை இங்கேதான்.

அடுத்த கட்டம் போன் நம்பர். பிரான்ஸிலும் பத்து இலக்கம்தான். ஆனால் இரண்டிரண்டாகச் சொல்வார்கள். ஒருவர் கற்பனையாக ஒரு நம்பர் சொல்ல, இன்னொருவர் எழுதி, திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். '97' என்று சொன்னதை '4, 20, 10, 7' என்று எழுதிவிட்டு, நம்பர் நீண்டுகொண்டே போகிறதே என்று முழிக்கிறவரைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். அவரும் சிரிப்பார். எல்லோருக்கும் அது நடக்கும் என்பதால் அந்தச் சிரிப்பு யாரையும் குத்தாது.

தலையாட்டினாலும் அவுட்!

'நி வீ நி நோன்'. பெயரே விதி: 'ஆமாம்'மும் கிடையாது, 'இல்லை'யும் கிடையாது. ஒரு நிமிஷம் எல்லோரும் ஒருவரைக் கேள்விகளால் துளைக்க வேண்டும். 'சென்னையில் வசிக்கிறீங்களா?' என்றால் 'ஆமாம்' என்று சொல்லக்கூடாது. 'நான் சென்னையில் வசிக்கிறேன்' என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். 'காபி பிடிக்குமா?' 'எனக்கு டீதான் பிடிக்கும்'. ஒற்றை வார்த்தையில் தப்பிக்கிற கதவை அடைத்துவிடுகிற ஆட்டம் இது. நம்மவர்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் விதி சேர்க்கலாம்: தலையாட்டினாலும் அவுட். ஜெயிப்பது ரொம்பக் கஷ்டம்!

கப்பலைக் கவிழ்

வினைச்சொல் வாய்ப்பாடு ஒரு தனி நரகம். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் வினை மாறும். ('தமிழிலும் அப்படித்தானே' என்று ஒரு ஆறுதல். இங்கிலீஷ்காரனைவிட நமக்கு இது சுலபம். 'நீ', 'நீங்க' வித்தியாசமும் அப்படியே இருக்கிறது: 'து', 'வூ'. முன்பின் தெரியாதவரிடம் 'து' போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!)

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் நான், நீ முதலிய ஆறும். மேலே பேசு, சாப்பிடு, இரு, போ என்று ஆறு வினைகள். 36 கட்டம். அதில் மூன்று கப்பலை ரகசியமாக ஒளித்து வைக்க வேண்டும். எதிராளி குண்டு போட வேண்டுமென்றால் 'நாம்' வரிசையும் 'பேசு' வரிசையும் சந்திக்கிற கட்டத்தை 'நூ பார்லோன்' என்று சரியான வடிவத்தில் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் குண்டு கடலில். பட்டால் 'தூஷே', முழுகினால் 'கூலே'. வாய்ப்பாட்டை இருபது தடவை எழுதச் சொன்னால் முறைக்கிற அதே மனுஷர், கப்பலைக் கவிழ்ப்பதற்காக நாற்பது தடவை சந்தோஷமாகச் சொல்வார்.

அடுக்குமாடிக் கதை

எல்லாவற்றிலும் பெரிய விளையாட்டு இது. பிரெஞ்சில் பெயர் 'லிம்மபிள்', அதாவது அடுக்குமாடிக் கட்டடம். மேலே சொன்ன தெபிஸேர் 1986-ல் இதைப் புத்தகமாகவே போட்டார். ஜார்ஜ் பெரெக் என்ற எழுத்தாளர் 1978-ல் பாரிஸின் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தை வைத்து, ஒவ்வொரு வீடாக நுழைந்து ஒரு பெரிய நாவல் எழுதியிருந்தார். அந்த ஐடியாவை வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார் தெபிஸேர்.

வகுப்பே சேர்ந்து ஒரு கற்பனைக் கட்டடம் கட்ட வேண்டும். எத்தனை மாடி? யார் யார் குடி? ஆளுக்கு ஒரு பாத்திரம். பெயர், வயது, தொழில், பிடித்தது, பிடிக்காதது. ஆரம்ப நிலை மாணவருக்குத் தெரிய வேண்டிய வாக்கியங்கள் எல்லாம் இதிலேயே வந்துவிடும். முதல் வாரம் தபால் பெட்டியில் பெயர்ச்சீட்டு எழுதுவார்கள். இரண்டாவது வாரம் மாடிப்படியில் சந்தித்து வணக்கம் சொல்வார்கள். மூன்றாவது வாரம், 'உங்க வீட்டு நாய் ராத்திரி பூரா குரைக்கிறது' என்று கதவில் சீட்டு ஒட்டுவார்கள். பிளாட் வாழ்க்கை என்றால் நமக்குச் சொல்லித்தரணுமா என்ன? பார்க்கிங் தகராறிலிருந்து மோட்டார் தகராறு வரை பிரெஞ்சிலேயே பிய்த்து உதறிவிடுவார்கள்.

இதிலேதான் அந்த வெட்க வியாதிக்கு மருந்து இருக்கிறது. தப்பாக பிரெஞ்சு பேசியது யார்? நம்ம அசிஸ்டென்ட் மானேஜர் இல்லை. மூணாவது மாடி பேக்கரிக்காரர்! அவர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். வேஷம் கட்டியவனுக்கு மேடைக்கூச்சம் குறைந்துபோகும். தெருக்கூத்து பார்த்த ஊருக்கு இது புதுசா?

விளையாட்டு செய்யப் போகிறீர்களா?

வாத்தியாராக இருப்பவர்களுக்கும், நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து படிப்பவர்களுக்கும் சில யோசனைகள்:

முதலில் வாக்கியத்தை முடிவு செய்யுங்கள், விளையாட்டு அப்புறம். 'இன்னிக்கு ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் வர வேண்டிய வாக்கியம் எது?' இதற்குப் பதில் இல்லாத விளையாட்டு வெறும் சத்தம்தான்.

அடுத்து, நைஜல் ரிச்சர்ட்ஸ் பரீட்சை வையுங்கள்: 'பிரெஞ்சு பேசாமலே இதில் ஜெயிக்க முடியுமா?' முடியும் என்றால் விதியைத் திருத்துங்கள். ஸ்க்ராபிளே ஆடினாலும், வைத்த வார்த்தையை ஒரு வாக்கியத்தில் சொன்னால்தான் பாயிண்ட் என்று ஆக்குங்கள்.

ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். இரண்டு பேர் கையிலும் ஒரே தகவல் இருந்தால் எதற்குக் கேட்பது, எதற்குச் சொல்வது? ஒருவரிடம் கடை விலைப்பட்டியல், இன்னொருவரிடம் வாங்க வேண்டிய சாமான் லிஸ்ட் என்று கொடுத்துப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.

விதியை வளவளவென்று விளக்காதீர்கள். ஒரு ரவுண்ட் ஆடிக் காட்டுங்கள்.

நடுவில் புகுந்து ஒவ்வொரு தப்பையும் திருத்தாதீர்கள். ஓரமாக நின்று குறித்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் முக்கியமான மூணு தப்பை மட்டும், யாருடையது என்று சொல்லாமல், கரும்பலகையில் எழுதித் திருத்துங்கள்.

பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். 'இன்னும் ஒரு ரவுண்ட் ஸார்' என்று கேட்கும்போதே நிறுத்துவதுதான் சாமர்த்தியம்.

'விளையாட்டெல்லாம் சரி, பரீட்சை?'

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதில்தான் சுவாரஸ்யம். மொழியறிவை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாகப் பிரிக்கிற ஐரோப்பிய அளவுகோல் 2001-ல் வெளிவந்தது. பிரான்ஸ் நாட்டின் டெல்ஃப் தேர்வில் முதல் படி ஏ1. மொத்தம் 100 மார்க். 50 எடுத்தால் பாஸ். நாலு பகுதி, ஒவ்வொன்றும் 25 மார்க். எதிலாவது 5-க்குக் கீழே போனால் அம்பேல். ஆக, எழுத்தில் புலியாக இருந்துகொண்டு வாயைத் திறக்காமல் தப்பிக்க முடியாது.

பேச்சுத் தேர்வு ஐந்திலிருந்து ஏழு நிமிஷம். முதலில் உங்களைப் பற்றிச் சில கேள்விகள். அடுத்து, ஒவ்வொரு வார்த்தை எழுதிய சீட்டுகளை எடுத்து, அந்த வார்த்தையை வைத்துத் தேர்வாளரை நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் ஒரு கடைக் காட்சி: அவர் கடைக்காரர், நீங்கள் வாடிக்கையாளர். விலை கேட்டு, சாமான் வாங்கி, நாணயமும் நோட்டும் போட்ட படங்களைக் கொடுத்துப் பணம் கட்டி, நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும்.

சீட்டு, பொய்க் காசு, கடை விளையாட்டு! கோட்டு போட்ட தேர்வாளர் உட்கார்ந்து ஆடுகிற சொப்பு விளையாட்டு இல்லாமல் வேறென்ன இது? வகுப்பில் ஆடாதவர் முதல் தடவையாகத் தேர்வு அறையில் ஆட வேண்டியிருக்கும். அங்கே வியர்க்காமல் என்ன செய்யும்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். கனடாக் கனவுக்கு ஏ1 பத்தாது. அந்தத் தனிச் சுற்றுக்களுக்கு நாலாவது படியான பி2 அளவுக்குப் பேச, கேட்க, படிக்க, எழுத வர வேண்டும். அதற்கு விளையாட்டு மட்டும் போதாது; மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். ஆனால் ஏ1-லேயே வாய் திறக்காதவர் பி2 வரை போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

பாண்டிச்சேரிக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரு ஹோம்வொர்க். (நீங்கள் வழக்கமாக எதற்குப் போவீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை!) 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். கடற்கரைப் பக்கத் தெருக்களில் பிரெஞ்சும் தமிழுமாகப் பெயர்ப்பலகைகள் இன்றும் இருக்கின்றன. கூட வருகிறவர்களோடு பந்தயம் கட்டுங்கள்: ஒரு மணி நேரத்தில் பத்து பிரெஞ்சு வார்த்தையைக் கண்டுபிடித்து, உரக்கப் படித்து, அர்த்தம் சொல்ல வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். கதவு, ஜன்னல், பிரிட்ஜ் எல்லாவற்றிலும் 'லு', 'லா' போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குடும்பத்தோடு ஐந்து நிமிஷம் ஆட்டம். தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். ஒரே வாரத்தில் உங்க வீட்டுப் பொடிசு உங்களைத் தோற்கடித்துவிடும். கவலைப்படாதீர்கள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே தட்டு, டம்ளர், கரண்டி எல்லாவற்றுக்கும் ஆண்பால் பெண்பால் சொல்லிப் பார்க்க உங்களுக்கு நிறைய நேரம் கிடைக்கும்!